சிபிசிக்கு (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) முல்லா எழுதிய நூலா, தக்வானி எழுதிய நூலா? புதிதாகப் பதிவு செய்த வழக்கறிஞர் முதலில் எதை வாங்கலாம்?

இவை இரண்டும் ஒரே வேலைக்கான புத்தகங்கள் அல்ல. தக்வானி ஒரே தொகுதி, சட்டம் படிப்பவருக்கானது. வழக்குரை, இடைக்காலத் தடை, நிறைவேற்று மனு எல்லாம் எப்படி ஒன்றோடொன்று கோர்த்து நிற்கின்றன என்பது அதில் விளங்கும். முல்லா பல தொகுதிகள். ஒரு விதிக்கு எந்தெந்தத் தீர்ப்புகள் என்று தேடும்போதுதான் அது கைகொடுக்கும். முதல் ஆண்டில் அதை சங்க நூலகத்திலோ சீனியர் அலுவலகத்திலோ பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டுக்கும் முன்னால் வாங்க வேண்டியது பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம். தமிழ்நாட்டில் தொழில் செய்பவர் என்றால், சென்னை உயர் நீதிமன்றத் திருத்தங்கள் சேர்ந்த பதிப்பாக இருக்க வேண்டும். சிபிசியின் முதல் அட்டவணையில் உள்ள விதிகளை மாற்றும் அதிகாரத்தை 122ஆம் பிரிவு உயர் நீதிமன்றங்களுக்குத் தருகிறது. பொதுவான பேர் ஆக்ட் பலவற்றில் இந்தத் திருத்தங்கள் இருக்காது. மாணவருக்கு அது குறையில்லை. மனு எழுதுபவருக்குக் கட்டாயம் குறைதான்.

கமென்டரி (விளக்கவுரை நூல்) வாங்கும்போது அட்டையில் உள்ள ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். மறு அச்சாக இருக்கலாம். கடையிலேயே சிபிசியின் ஆர்டர் 8 ரூல் 1-ஐத் திறந்து பாருங்கள். சாதாரண வழக்கில் எதிருரைக்கு (பிரதிவாதியின் பதில்) 30 நாள், நீட்டித்தால் 90 நாள். ஆனால் தக்க காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் நீதிமன்றம் ஏற்கலாம் என்பதே கைலாஷ் வழக்கின் (2005) நிலை. வணிக வழக்கில் 120 நாளோடு உரிமை போய்விடும் என்று எஸ்சிஜி கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவை இரண்டையும் பிரித்துச் சொல்லாத பதிப்பை வாங்க வேண்டாம்.

குற்றவியலில் பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்), சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) கமென்டரிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 1.7.2024க்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் ஐபிசிதான். அன்று நிலுவையில் இருந்த விசாரணைகளும் மேல்முறையீடுகளும் சிஆர்பிசிப்படி தொடர்கின்றன. சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ்ஸின் 531ஆம் பிரிவு அதைக் காக்கிறது. புதிய பிரிவுகளில் பெரும்பாலானவை பழைய சொற்களிலேயே இருப்பதால் பழைய தீர்ப்புகளும் பயன்படும். பக்கத்தில் ஓர் ஒப்பீட்டு அட்டவணை மட்டும் அவசியம். பலர் சறுக்குவது 482இல்தான். சிஆர்பிசியில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்கும் பிரிவு. பிஎன்எஸ்எஸ்ஸில் 482 என்றால் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528க்குப் போய்விட்டது.

சாட்சியச் சட்டத்துக்கு மட்டும் புதுப் பதிப்பே வாங்குங்கள். பழைய சட்டத்தின் 65பி பிரிவு இப்போது புதிய சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏவில் 63ஆம் பிரிவு. மின்னணு ஆவணச் சான்றிதழுக்கு அட்டவணையிலேயே படிவம் வந்துவிட்டது: பகுதி ஏ தாக்கல் செய்பவருக்கு, பகுதி பி நிபுணருக்கு, இரண்டிலும் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) குறிக்க வேண்டும். பழைய புத்தகத்தில் உள்ள மாதிரிச் சான்றிதழில் இவை எதுவும் இருக்காது.