போர்டு போய்விட்டது என்று யார் சொன்னது? – வாசகர் கணினி கேள்வி பதில்

பர்மாவில் வெயில் காலம் வந்து கரண்ட் அடிக்கடி போய்ப் போய் வர ஆரம்பித்ததும் கடிதங்களும் கூடிவிட்டன. இந்த முறை பெரும்பாலும் திரையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணே, லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. பேட்டரி பழசு, உடனே அணைந்துவிட்டது. மறுபடி போட்டதிலிருந்து எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக, மங்கலாகத் தெரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை, வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது. கடையில் கேட்டால் கிராஃபிக்ஸ் சிப் போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுப்பதற்கு இந்த ஒரு லேப்டாப்தான் இருக்கிறது.
– வாசகி, மோல்மேன்

பதில்: தங்கச்சி, போர்டுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள், பொறுங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் சிப் நன்றாக இருக்கிறது, டிரைவர்தான் காணாமல் போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கிராஃபிக்ஸ் டிரைவர் என்பது அந்தக் காலத்துத் துபாஷி மாதிரி. விண்டோஸ் சொல்வதைச் சிப்புக்குப் புரிய வைக்கும். அப்டேட் பாதியில் நின்று அந்த டிரைவர் கெட்டுப்போனால், விண்டோஸ் தன்னிடம் உள்ள ஒரு சாதாரண டிரைவரைப் போட்டுச் சமாளிக்கும். அதற்கு மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று பெயர். படம் வரும், அவ்வளவுதான். திரைக்கு ஏற்ற அளவு வராது, வெளிச்சம் மாற்ற முடியாது, வீடியோவின் பாரம் முழுக்க ப்ராசஸர் தலையில் விழும், அதனால் திக்கும், லேப்டாப்பும் சூடாகும். நீங்கள் சொன்ன அத்தனை அறிகுறியும் இதில் இருக்கிறது.

உறுதி செய்வது சுலபம். விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் எழுத்தை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும், அதில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற இடத்தை விரித்துப் பாருங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று சிப் கம்பெனியின் பெயர் எதுவும் இல்லாமல் மேலே சொன்ன பேசிக் பெயர் மட்டும் நின்றால், டிரைவர் இல்லை என்று அர்த்தம். இன்டெல் என்று பெயர் இருந்தும் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை.

இனி லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, லேப்டாப் செய்த கம்பெனியின் தளத்தில் அதே மாடலுக்கான கிராஃபிக்ஸ் டிரைவரை இறக்குங்கள். வீட்டில் நெட் மெதுவாக இருந்தால் ரங்கூனில் இருக்கும் யாரையாவது பென் டிரைவில் இறக்கித் தரச் சொல்லலாம், சில நூறு எம்பி முதல் ஒரு ஜிபி வரை இருக்கும். டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம் என்று விளம்பரம் வரும் மென்பொருள்களைத் தொடவே தொடாதீர்கள், அவற்றால் கெட்ட கணினிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். லேப்டாப்பில் இன்டெல், என்விடியா இரண்டும் இருந்தால் முதலில் இன்டெல், ரீஸ்டார்ட், அப்புறம் என்விடியா. இதையெல்லாம் கரண்ட் நிச்சயமாக இருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். உங்கள் பேட்டரி தாங்காது என்பதால் இன்வெர்ட்டரோ யூபிஎஸ்ஸோ வைத்திருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போட்டால் இன்னும் நல்லது, பாதியில் நின்றால் மறுபடி இதே கதைதான். எல்லாம் சரியாகப் போட்ட பிறகும் டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்று பிழை எண் காட்டினால், அப்போதுதான் சிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: நேற்று புது என்விடியா டிரைவர் போட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் திரை கறுப்பு. விண்டோஸ் திறக்கும் சத்தம் கேட்கிறது, ஃபேன் ஓடுகிறது, படம் மட்டும் இல்லை. வாரக் கடைசியில் பரீட்சை வேலையைக் கொடுக்க வேண்டும், உதவுங்கள்.
– மாணவர், ரங்கூன்

பதில்: தம்பி, சத்தம் கேட்கிறது என்றால் உங்கள் வேலை எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம். முதலில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (இங்கிலீஷில் பஸ்ஸுக்கு வரும் பி) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் சத்தம் வரும், திரை ஒருமுறை வெட்டும், டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. அதில் வரவில்லையென்றால் விண்டோஸும் பி எழுத்தும் (இங்கிலீஷில் பேப்பருக்கு வரும் பி) அழுத்திப் பாருங்கள், சில நேரம் படம் இல்லாத இன்னொரு திரைக்குப் போய் உட்கார்ந்திருக்கும். டெஸ்க்டாப் என்றால் இன்னொன்றும் பாருங்கள்: மானிட்டர் வயர் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, இல்லை மதர்போர்டில் இருக்கிறதா? கார்டு போட்ட பிறகும் பழைய இடத்திலேயே வயரைச் செருகிவிட்டுத் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டும் பலிக்கவில்லையென்றால் சேஃப் மோட். விண்டோஸ் சின்னம் வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் நீல நிறத்தில் ரிப்பேர் திரை வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. சில கணினிகளில் இந்த இடத்தில் பிட்லாக்கர் (ஃபைல்களைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) சாவி என்று 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும், ஃபோனில் உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். சேஃப் மோடில் உங்கள் டிரைவர் ஓடாது, அதனால் படம் வரும். வந்ததும் முதலில் பரீட்சை வேலையைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பிறகு டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரை இருமுறை தட்டி, டிரைவர் பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் கொடுங்கள், பழையது திரும்பி வரும். அந்தப் பட்டன் மங்கிப் போயிருந்தால் அன்இன்ஸ்டால் செய்து, டிரைவரையும் நீக்கு என்ற பெட்டியில் டிக் போடுங்கள். நெட்டைத் துண்டித்துவிட்டு இதைச் செய்வது முக்கியம், இல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே வேறொரு டிரைவரை இழுத்துப் போட்டுவிடும்.

உங்கள் கார்டு எது என்று எழுதவில்லை. இங்கே கடைகளில் செகண்ட் ஹேண்டாக விற்கும் ஜிடிஎக்ஸ் 650 போன்ற, என்விடியாவின் கெப்ளர் என்ற பழைய வகைக் கார்டாக இருந்தால், அதற்கு 470 என்று எண் தொடங்கும் வரிசைதான் கடைசி டிரைவர். 2021 கடைசியிலிருந்து வந்த புது வரிசைகள் அதற்கு ஒத்துவராது. புதுசுதான் நல்லது என்று தேடாதீர்கள், கார்டுக்கு எது பொருந்துமோ அதுதான் வேண்டும்.

கேள்வி: கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்கும் கணினியில் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது, டிரைவர் நின்று மறுபடி சரியானது என்று ஒரு வரி வருகிறது. ஜெனரேட்டரில் ஓடும்போது அதிகம். டிரைவரை மூன்று முறை மாற்றிவிட்டேன்.
– அச்சக உரிமையாளர், பெகு

பதில்: ஐயா, மூன்று முறை மாற்றியது போதும், இனி டிரைவரை விட்டுவிடுங்கள். சிப் 2 நொடிக்குள் பதில் சொல்லவில்லையென்றால் விண்டோஸ் டிரைவரைத் தானே நிறுத்தித் தொடங்கும், விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து டிடிஆர் என்ற பெயரில் இந்த ஏற்பாடு உண்டு. சில நேரம் அப்படியும் மீளாமல் நீலத் திரை (புது விண்டோஸ் 11-இல் கறுப்புத் திரை) வந்து வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்று காட்டும். டிரைவர் குற்றவாளி மாதிரித் தெரியும், ஆனால் சிப் ஏன் பதில் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. கார்டில் தூசி அடைத்து ஃபேன் சுற்றாமல் இருக்கலாம், பவர் சப்ளை பலவீனமாக இருக்கலாம், ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கலாம். ஜெனரேட்டரில் அதிகம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், ஆகவே முதலில் தூசியைத் துடைத்து, நடுவில் ஒரு நல்ல ஸ்டெபிலைசரோ யூபிஎஸ்ஸோ வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியைக் கூட்டச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள், காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரை மாற்றுகிற வேலை அது.

கேள்வி: திரையில் செங்குத்தாகக் கோடுகள். மூடியை அசைத்தால் குறைகிறது. டிரைவரா?
– வாசகர், தட்டோன்

பதில்: இல்லை. மூடிக்குள் போகும் திரை வயர் தளர்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் பேனலே போகிறது. சந்தேகம் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்கள், கோடு அதில் இல்லையென்றால் திரைப்பக்கம்தான் கோளாறு. கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையிலும் கோடு வந்தாலும் டிரைவர் காரணம் அல்ல, ஏனென்றால் விண்டோஸ் டிரைவர் அங்கே வந்தே சேரவில்லை.

கேள்வி: பர்மிய எழுத்து உடைந்து உடைந்து தெரிகிறது, பழைய தமிழ்க் கோப்புகளும் இங்கிலீஷ் எழுத்தாக வருகின்றன. கிராஃபிக்ஸ் கார்டு மாற்றணுமா?
– வாசகி, ரங்கூன்

பதில்: வேண்டவே வேண்டாம் அக்கா, இது எழுத்துரு சமாச்சாரம். 2019 அக்டோபர் 1 முதல் நம் நாடு ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவை விட்டு, உலகம் முழுக்கப் பொதுவான யூனிகோடுக்கு மாறியது, அதற்கு முன் ஜாவ்ஜியில் எழுதிய பர்மியக் கோப்புகள் யூனிகோடு எழுத்துருவில் உடைந்துதான் தெரியும். தமிழ்க் கோப்புகள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். அந்த எழுத்துருவைப் போட்டால் தெரியும், நிரந்தரமாக வேண்டுமென்றால் இரண்டையும் எழுத்துரு மாற்றும் கருவியில் கொடுத்து யூனிகோடாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.