டைப் செய்யும் காலத்தில் கையெழுத்துக்கு மெனக்கெட வேண்டுமா?

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு போகிறான். நிதானமாக எழுதினால் கையெழுத்து நன்றாக இருக்கிறது. பரீட்சையில் வேகம் கூடியதும் கோழி கிளறியது போல் ஆகிவிடுகிறது. எல்லாரும் டைப் செய்யும்போது இதற்காகப் பாடுபட வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, நாளை டிஎன்பிஎஸ்சி குரூப் 1 எழுதினால் அதன் முதன்மைத் தேர்வு என எல்லாமே 3 மணி நேரம் கையால் எழுதுபவை. முத்துமுத்தாக இருக்க வேண்டியதில்லை. திருத்துபவர் தடுக்காமல் படித்துப் போனால் போதும்.

வேகமாக எழுதிய பழைய பக்கம் ஒன்றை வேறொருவரைப் படிக்கச் சொல்லி, அவர் திணறும் இடங்களை வட்டமிடுங்கள். பெரும்பாலும் நாலைந்து எழுத்துகளில்தான் கோளாறு இருக்கும். தமிழில் முதலில் கெடுவது 'ர'. அடியில் வரும் சாய்கோட்டை விட்டால் அது வெறும் காலாகி, 'மரம்' 'மாம்' ஆகிவிடும். இரட்டைக் கொம்பின் மேல்சுழி விழாவிட்டால் 'கேட்டான்' 'கெட்டான்' ஆவான். வரி முடித்துத் திரும்பிவந்து புள்ளி வைப்பவர்களுக்கு அது பக்கத்து எழுத்தின் தலையில் விழும். அந்தந்தச் சொல் முடிந்ததுமே வைத்துவிட வேண்டும்.

பக்கம் பக்கமாகக் காப்பி எழுத வைக்காதீர்கள். கை சோர்ந்தால் தப்பான வடிவமே பழகிப்போகும். தினம் 15 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம் வட்டமிட்ட எழுத்துகள் வரும் சொற்கள். மீதி நேரம் பாடத்திலிருந்து ஒரே பத்தியை, கடிகாரம் வைத்து, நாளுக்குநாள் சற்று வேகமாக. வடிவம் உடைந்தால் முந்தைய வேகத்துக்கே திரும்பி, அது நிலைத்த பிறகு கூட்டுங்கள். நிதானமாக மட்டும் பழகிய கையெழுத்து பரீட்சை ஹாலில் நிற்காது.

பக்கத்தின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். எழுத்து மேடுமேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். விரல் வலிக்கவும் வேகம் குறையவும் அதுதான் காரணம். முனையிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளிப் பிடித்து, பேனாவை நடுவிரல்மேல் சாய்த்து, முழங்கையை மேசையில் வைத்து எழுதட்டும். லேசாக ஓடும் பேனா நல்லது. ஆனால் மெல்லிய தாளில் மை பின்பக்கம் ஊறுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு பழகியும் எழுத்துகள் இடம் மாறி விழுந்தாலோ, வாயால் சொல்லத் தெரிந்ததை எழுத முடியாமல் தவித்தாலோ திட்டாதீர்கள். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்க வழியுண்டு. சான்றிதழோடு பள்ளி மூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.