பொது இடத்தில் இருக்கும் சிலை, ஓவியங்களை மாநகராட்சி நினைத்தால் எடுத்துவிடலாமா? செய்தவரிடம் கேட்க வேண்டாமா?

எடுக்கலாம். யார் தலையிலாவது விழுகிற நிலையில் இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் யாரிடமும் சொல்லாமல், எதையும் எழுதி வைக்காமல் உடைத்து லாரியில் ஏற்றக் கூடாது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் ஊரிலும் ஏதோ பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள், அங்கே உங்களுக்கு வேண்டியவர் செய்த ஒன்று நிற்கிறது என்று தோன்றுகிறது. அப்படியென்றால் முழுவதும் படியுங்கள்.

என் அப்பா சுதை வேலைக்காரர். கோபுர பொம்மை வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. சேலத்தில் அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டுப் பக்கம் ஒரு பூங்காவுக்காக ஒரு காட்டெருமையும் கன்றும் செய்து கொடுத்தார். அதற்காகவே மலைக்குப் போய்க் காபித் தோட்டத்து ஓரமாக உட்கார்ந்து மாட்டைப் பார்த்துவிட்டு வந்தவர். முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டது போல வெள்ளையாக இருக்குமே, அந்த வெள்ளை எங்கே தொடங்குகிறது என்பதற்காக மேஸ்திரிகளோடு சண்டையே போட்டார். கழுத்துத் தொங்கல் மடிப்பு ஒவ்வொன்றையும் சின்னக் கரண்டியால் தானே இழுத்தார். கன்றின் முதுகில் பிள்ளைகள் ஏறி ஏறி அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் போய் வழவழவென்று ஆகிவிட்டது.

அப்புறம் கன்றின் பின்னங்காலில் விரிசல் விட்டது. உண்மைதான், மறைக்கவில்லை. உள்ளே கம்பி துருப்பிடித்தால் உப்பும், உப்பினால் மேல்பூச்சு வெடித்து உதிரும். உதிர்ந்த இடத்தைக் கொத்தி, கம்பியைத் தேய்த்துத் துரு எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, கோழிவலை கட்டித் திரும்பப் பூசினால் போதும், இரண்டு ஆள் செய்கிற வேலை. அதைச் செய்யாமல் இரண்டையும் சேர்த்து உடைத்தார்கள். பெரிய மாட்டுக்கு ஒன்றுமே இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆளிடம் கேட்டதற்கு, "காலி பண்ணிக் கொடுக்கச் சொன்னாங்க, அவ்வளவுதாங்க எங்களுக்குத் தெரியும்" என்றார். இப்போது அங்கே செல்ஃபி எடுக்க எழுத்துப் பலகை நிற்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டேன். பெஞ்சு, ஊஞ்சல், விளக்குக் கம்பம் எல்லாம் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது, சிலை என்று ஒரு இனமே இல்லை என்று பதில் வந்தது. பதிவேட்டில் ஏறாத பொருளை நீக்க உத்தரவும் தேவையில்லை, தீர்மானமும் தேவையில்லை. என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது அதுதான்.

அப்பா பாசத்தில் எழுதுகிறான், எல்லாச் சிமெண்ட் பொம்மையும் கலையா என்று கேட்க வருவீர்கள். பாசம் இருக்கிறது, அதனால் சட்டம் இல்லாமல் போகாது. டெல்லியில் மத்திய அரசின் மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அவரிடம் சொல்லாமலே பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது. பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவு. காட்சிக்கு வைக்காமல் இருப்பது தவறில்லை என்று அதே பிரிவு சொல்கிறது, ஆனால் செய்தவர் பெயர் கெடும்படி சிதைப்பது வேறு. வேலையை விற்ற பிறகும் அந்த உரிமை செய்தவருக்கு உண்டு.

அமெரிக்காவில் நகரங்களே இதற்கு விதி எழுதி வைத்திருக்கின்றன: ஏன் எடுக்கிறோம், பழுது பார்க்க முடியுமா, செய்தவருக்குச் சொன்னோமா என்று ஒவ்வொன்றாகப் பதில் எழுத வேண்டும். அங்கேயும் எல்லாம் ஒழுங்கில்லை. நியூயார்க்கில் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி செய்து வைத்த எஃகுச் சுவர்ச் சிற்பத்தை எடுப்பது பற்றி 1985இல் பொது விசாரணை வைத்து, அவர் கடைசிவரை எதிர்த்தும் 1989இல் வெட்டி எடுத்தார்கள். அது நகரத்தின் இடமல்ல, அந்த நாட்டு மத்திய அரசின் இடம். ஆனாலும் கேட்டுவிட்டு எடுத்தார்கள் பாருங்கள், எங்களுக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். திறப்பு விழாக் கல்வெட்டில் வார்டு உறுப்பினர் முதல் உதவிப் பொறியாளர் வரை பெயர் இருக்கும், கையால் செய்தவன் பெயர் இருக்காது. கோயில் வேலையிலும் இதே கதை. கும்பாபிஷேகம் முடிந்ததும் மேடையில் பொன்னாடை யாருக்கோ, சுதை வேலைக்காரனுக்குக் கூலி பாக்கி. அப்பாவுக்கு வர வேண்டிய ஒரு பாக்கி இன்னும் வரவில்லை, அவர் கேட்பதையும் விட்டுவிட்டார்.

சரி, உங்கள் விஷயம். சிலையை நான்கு பக்கமும் அளவோடு போட்டோ எடுங்கள். செய்தவர் பெயரைப் போட்டு, இதைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள் என்று ஆணையருக்கு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுப்பிப்பு வேலையின் மதிப்பீட்டு நகலையும் கேளுங்கள். அதில் பழையதை இடித்து அப்புறப்படுத்த என்று ஒரு வரி இருக்கும், அதற்குள் எதெல்லாம் அடங்கும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வேலை உத்தரவு கொடுப்பதற்கு முன்னால் இதெல்லாம் நடக்க வேண்டும், அதற்குப் பிறகு போனால் பொறியாளர் ஒப்பந்தக்காரரைக் காட்டுவார், ஒப்பந்தக்காரர் பொறியாளரைக் காட்டுவார்.