வலதுசாரிகள் நாட்டுப் பாதுகாப்பு பற்றி அவ்வளவு பேசுகிறார்கள். பிறகு ஏன் வல்லரசுகளோடு ராணுவக் கூட்டணி என்றால் தயங்குகிறார்கள்?

கேள்விக்குக் கீழே "இது வெறும் வறட்டு கௌரவம்தானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள், அல்லது கல்லூரியில் யாரோடோ வாக்குவாதம் முடித்துவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அணிசேராக் கொள்கை என்றால் நேரு, இடதுசாரி. கூட்டணி என்றால் அமெரிக்கா, வலதுசாரி. இப்படித்தான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். பரீட்சைக்கு அது போதும். நடந்தது அப்படி இல்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கமெண்டில் யாராவது கிளறுவார்கள். சொந்த ஊர் புதுச்சேரி, குருசுக்குப்பம். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார். அதனால் என்னிடம் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட். இங்கே ஓசிஐ அட்டையில், அதாவது இந்திய வம்சாவளியினருக்கு நீண்டநாள் தங்கக் கொடுக்கும் அனுமதியில் இருக்கிறேன். வீடு இங்கே, தொழில் இங்கே, வரி கட்டுவது இங்கே, ஓட்டு மட்டும் பிரான்சில். "இந்தியாவின் பாதுகாப்பைப் பற்றி இவன் என்ன பேசுவது" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். இரண்டு நாட்டின் கணக்கையும் உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் பேசுகிறேன். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. வலதுசாரி என்று சொல்லிக்கொள்ளத் தயங்குவதும் இல்லை.

தாத்தா இந்தோசீனப் போரில், அதாவது வியட்நாம் பக்கம் பிரான்ஸ் நடத்திய காலனிப் போரில் இருந்தவர். தியென் பியென் பூ கோட்டை 1954 மே 7இல் வியட்நாம் விடுதலைப் படையான வியட்மின் கையில் விழுந்தது. அவர் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை, சைகோன் பக்கம் இருந்தார். ஆனால் அந்த ஊர் பெயர் காதில் விழுந்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கை நின்றுவிடும். அந்தப் போரின் கடைசி நாட்களில் செலவில் பெரும்பகுதியை அமெரிக்காதான் கொடுத்துக்கொண்டிருந்தது. கோட்டை முற்றுகையில் திணறியபோது பிரான்ஸ் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களைக் கேட்டது. பிரிட்டன் சேராமல், தன் நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்புக்கொள்ளாமல் முடியாது என்று அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் இருந்துவிட்டார். அவர் தன் நாட்டுக்குச் செய்தது சரி. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தாத்தா சொன்னது இதுதான்: "பணம் குடுத்தான், பிளேன் குடுக்கல. அவன் நாட்டுப் புள்ளைய அவன் பாத்துக்கிட்டான். நம்ம புள்ளைய நாமதான் பாக்கணும்."

இரண்டே வருடத்தில் சூயஸ் கால்வாய்ச் சண்டை. 1956இல் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தில் படை இறக்கின. அமெரிக்கா பவுண்டு நாணயத்தின் மீது கை வைத்ததும் பிரிட்டன் பின்வாங்கியது. பிரான்சும் வேறு வழியில்லாமல் திரும்பியது. எல்லாரும் ஒரே கூட்டணிக்காரர்கள்தான்.

1958இல் பிரான்சில் வலதுசாரித் தலைவரான ஜெனரல் தெ கோல் ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்காவைத் திட்டி மேடை ஏறவில்லை. முதலில் கஜானாவைத்தான் பார்த்தார். அந்த டிசம்பரில் பினே–ரூயெஃப் திட்டம் வந்தது: பிராங்கின் மதிப்பைக் குறைத்தார்கள், மானியங்களை வெட்டினார்கள், வரியைக் கூட்டினார்கள். ஊனமில்லாத முன்னாள் போர்வீரர்களுக்குக் கொடுத்துவந்த சிறு உதவித்தொகையில்கூடக் கை வைத்தார்கள். ஒரு ஜெனரல் பழைய சிப்பாய்களின் காசில் கை வைக்கிறாரே என்று பிரான்சே கொதித்தது. எங்கள் தெருக் கிழவர்கள் பல வருடம் கழித்தும் அதைச் சொல்லித் திட்டுவார்கள். 1960 ஜனவரியில் புது பிராங்க், பிப்ரவரி 13இல் சகாராவில் முதல் அணுகுண்டுச் சோதனை. அதற்கெல்லாம் பிறகுதான், 1966 மார்ச்சில், அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனுக்குக் கடிதம்: அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் கூட்டுப் படைத்தலைமையில் இனி பிரான்ஸ் இல்லை, அமெரிக்கப் படைகள் எங்கள் மண்ணைவிட்டுக் கிளம்பட்டும்.

இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். உள்நாட்டுக் கணக்கு முதலில், சொந்த ஆயுதம் இரண்டாவது, முழு மறுப்பு கடைசியில். கடனில் இருப்பவன் மறுத்தால் அது எடுபடாது என்று அவருக்குத் தெரியும். வறட்டு கௌரவக்காரனாக இருந்திருந்தால் 1958லேயே அந்த விலகல் கடிதத்தைப் போட்டிருப்பார்.

இன்னொன்று. அவர் கூட்டணியைவிட்டே வெளியேறினார் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். தவறு. நேட்டோவை உருவாக்கிய வடக்கு அட்லாண்டிக் ஒப்பந்தத்தில் பிரான்ஸ் கடைசிவரை இருந்தது. அவர் திரும்ப எடுத்துக்கொண்டது கட்டளை போடும் அதிகாரத்தை மட்டும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு சிப்பாயாக நின்றிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் கட்டாய ராணுவ சேவைக்கு என்னை அனுப்பியது மேற்கு ஜெர்மனிக்கு, ட்ரியர் நகரத்துக்கு. புதுச்சேரி வெயிலில் வளர்ந்தவனை நேராகப் பனியில் கொண்டுபோய் இறக்கினார்கள். நான் லாரிப் பிரிவு. குளிர்காலத்தில் அலர்ட் பயிற்சி என்றால் நடுராத்திரியில் சைரன் அடிக்கும். பூட்ஸ் கயிற்றைக் கட்டியும் கட்டாமலும் ஓட வேண்டும். டீசல் கேனைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை அணைத்து, வரிசையாக உட்கார்ந்திருப்போம். வாயிலிருந்து வரும் புகை கண்ணாடியில் படிந்து உறைந்துவிடும். அதை அடையாள அட்டையின் ஓரத்தால் சுரண்டி எடுப்பேன்.

பக்கத்திலேயே பிட்பர்க், ஸ்பாங்டாலெம் என்று அமெரிக்க விமானப்படைத் தளங்கள். ஒரு பயிற்சி ராத்திரியில் அவர்களுடைய வண்டிகள் எங்களுக்கு அருகில் நின்றன. ஒரு அமெரிக்கப் பையன் இறங்கி வந்து சாக்லேட் கொடுத்தான். நல்ல பையன். எங்கள் மேலதிகாரியான அட்ஜுடானிடம் சிரித்துக்கொண்டே கேட்டான்: "நீங்கள் எங்களோடு இருக்கிறீர்களா, இல்லையா? எங்களுக்குப் புரியவே மாட்டேன் என்கிறது." அட்ஜுடான் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "சண்டை வந்தால் உங்கள் பக்கத்தில்தான் நிற்போம். எப்போது கிளம்புவது என்பதை எங்கள் ஜனாதிபதி சொல்வார்." அப்போது ஜனாதிபதி மித்தெரான், சோஷலிஸ்ட். தெ கோலை வாழ்நாள் முழுக்க எதிர்த்த மனிதர். அவரே இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை.

அந்த லாரியில் உட்கார்ந்திருந்த எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. சாகச் சொன்னால் சாகத்தான் போகிறோம். சொல்பவர் நாம் ஓட்டுப் போட்டு, நாம் இறக்கவும் முடிந்த ஆளாக இருக்க வேண்டும். வலதுசாரிகளுக்குக் கூட்டணி மேல் இருக்கும் தயக்கத்தின் அடிவேர் இதுதான்.

சரி, அமெரிக்க வலதுசாரிகளுக்கு வருகிறேன். அங்கேயும் இந்தச் சண்டை பழசு. 1949 ஜூலையில் நேட்டோ ஒப்பந்தம் செனட்டில் 82க்கு 13 என்று நிறைவேறியது. எதிர்த்த 13 பேரில் ராபர்ட் டாஃப்ட் ஒருவர்; அன்றைய குடியரசுக் கட்சி வலதுசாரிகளின் முகமே அவர்தான். 1952இல் கட்சி வேட்பாளர் போட்டியில் நேட்டோவின் முதல் தளபதியான ஐசனோவர் அவரைத் தோற்கடித்தார். அப்புறம் பனிப்போர் முழுக்க ஐசனோவர் பக்கம்தான் ஓங்கியிருந்தது. இன்றைக்கு "எங்கள் காசில் ஐரோப்பா ஏன் தூங்குகிறது" என்று அங்கே எழும் குரல், ட்ரம்ப் கண்டுபிடித்தது இல்லை. அவர் பேசும் தோரணை எனக்குப் பிடிக்காது, அது வேறு. ஆனால் செலவைப் பங்கு போடச் சொல்வது நியாயமான கேள்வி. 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில், 2035க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடுவோம் என்று நேட்டோ நாடுகள் ஒப்புக்கொண்டன, அதில் 3.5 நேரடி ராணுவச் செலவு. பிரான்சின் கடன் ஏற்கெனவே உள்நாட்டு உற்பத்தியில் 110 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. 2023இல் ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கச் சட்டம் போட்டபோது தெருவெல்லாம் போராட்டம். இந்த நிலைமையில் இன்னொரு வாக்குறுதி. எதை வைத்து நிறைவேற்றுவார்கள்? இதைக் கேட்பவன் ரஷ்யாவின் ஆள் என்று முத்திரை குத்துகிறார்கள். எனக்கும் குத்தியிருக்கிறார்கள். உக்ரைன் மீது நடந்தது அக்கிரமம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

இந்தியாவைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வேன். 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியது பர்மிட், லைசென்ஸ் ஆட்சியை எதிர்த்து. வலதுசாரி என்றால் போர்வெறி என்பவர்கள், 1962இல் அவர் அணு ஆயுதச் சோதனையை நிறுத்தச் சொல்லி வாஷிங்டன் போய் கென்னடியைப் பார்த்ததை நினைவில் வைக்கட்டும். அணிசேராமை பேசிய நேருவே அந்த நவம்பரில் சீனப்படை இறங்கி வந்தபோது கென்னடிக்கு விமான உதவி கேட்டு எழுத வேண்டியிருந்தது. 1965 பாகிஸ்தான் போரில் அமெரிக்கா இரண்டு பக்கத்துக்கும் ஆயுதத்தை நிறுத்தியது. 1971இல் சோவியத்தோடு ஒப்பந்தம். அதிலும் தாக்கப்பட்டால் கலந்து பேசுவோம் என்றுதான் இருந்ததே தவிர, உடனே போருக்கு வருவோம் என்று இல்லை. பாஜகவின் முன்னோடியான ஜனசங்கத்திலிருந்து வந்த வாஜ்பாய் 1977இல் வெளியுறவு அமைச்சரானபோது அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடவில்லை. அதே வாஜ்பாய்தான் 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தார். அமெரிக்கா தடை போட்டது, பிரான்ஸ் போடவில்லை. அதனால் பிரான்சின் ரபேல் போர் விமானத்தை வாங்குகிறோம், அவர்களுடைய ஸ்கார்பீன் நீர்மூழ்கியை மும்பையில் கட்டியிருக்கிறோம். நல்லதுதான். ஆனால் நான் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்துகொண்டே சொல்கிறேன்: ரபேலை நம்பலாம், ரபேலை மட்டும் நம்பக் கூடாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், மனசில் கிடக்கிறது. எங்கள் ஊரில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுத்துக் கட்டுகிறார்கள். பையன் பாரிஸ் போய்ச் சேர்ந்ததும் சில கல்யாணங்கள் முறிகின்றன. என் உறவிலேயே ஒரு பெண் இப்படிக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். காடு மேடெல்லாம் நடந்து ஒரு தலைமுறை சம்பாதித்த குடியுரிமை இன்று சீர் வரிசைப் பட்டியலில் ஒரு சாமான். புரோக்கர் அதற்கு ரேட் சொல்கிறான். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 காலையில் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால், மெடல் குத்திய கோட்டோடு நிற்க முடியாமல் நிற்கும் கிழவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு முறை போய்ப் பாருங்கள், என் கோபம் புரியும்.

ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்கு நடந்தது அதைவிட மோசம். பிரான்சுக்காகப் போரிட்ட செனெகல், மொராக்கோ, அல்ஜீரிய வீரர்களின் பென்ஷனை, அவர்கள் நாடுகள் விடுதலை பெற்றதைக் காரணம் காட்டி, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் அப்படியே உறைய வைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரருக்கு ஏறிக்கொண்டே போனது, இவர்களுக்கு ஏறவில்லை. 2010 மே 28இல்தான் அரசியலமைப்புக் கவுன்சில் அந்தப் பாகுபாடு செல்லாது என்றது. அதற்குள் பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சொந்தச் சிப்பாய்க்குக் கொடுத்த வாக்கையே நிறுத்திவைத்த அரசு, வேறு நாட்டுக்குக் கொடுக்கும் வாக்கைக் காப்பாற்றும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொன்னால் எப்படி?

"அப்படியானால் கூட்டணியே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தபோது, எதிர்ப்பைத் தொடர்ந்த தெ கோல் பக்கம் புதுச்சேரி செப்டம்பரிலேயே சேர்ந்தது. சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருந்ததும் அதற்கு ஒரு காரணம். நண்பன் இல்லாமல் யாரும் பிழைத்ததில்லை. எனக்கு வேண்டியது மூன்று விஷயம்: எதற்கு உதவி, எதற்கு இல்லை என்று காகிதத்தில் எல்லை வேண்டும், போருக்குப் போகும் முடிவு நம் நாடாளுமன்றத்தில் இருக்க வேண்டும், செலவுக்குப் பணம் எங்கிருந்து என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2003இல் ஈராக் போருக்கு வர மாட்டேன் என்று பிரெஞ்சு ஜனாதிபதி ஷிராக் சொன்னார், கூட்டணி உடையவில்லை. 2009இல் அவருக்கு அடுத்து வந்த சர்கோசி பிரான்சை மறுபடி நேட்டோவின் கூட்டுப் படைத்தலைமையில் சேர்த்தபோதும் அணு ஆயுதத்தை வெளியேதான் வைத்தார். அவரும் வலதுசாரிதான். அந்த முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் வெளியே வைத்ததற்காக நன்றி.

பிரெஞ்சு அரசியல் சட்டத்தில் வெளிநாட்டில் படை நான்கு மாதத்துக்கு மேல் நின்றால் நாடாளுமன்றம் ஓட்டுப் போட வேண்டும். 2008இல் வந்த திருத்தம். அமெரிக்காவில் ஒப்பந்தத்துக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமே இல்லை. 2016இல் அமெரிக்காவோடு தளவாட ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் துறைமுகங்களிலும் விமானத் தளங்களிலும் அவர்கள் எரிபொருள் நிரப்பிக்கொள்ள வழி செய்தது அது. ஓட்டெடுப்பு இல்லாமலேயே அமலுக்கு வந்துவிட்டது. அது நிரந்தரத் தளம் கொடுக்கும் ஒப்பந்தம் இல்லை என்பதால் நான் அதை எதிர்க்கவில்லை. அடுத்து வருவதும் அப்படியே இருக்கும் என்று யார் சொல்வது? எனக்கு இங்கே ஓட்டு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.