அவகாசம் உள்ளவர்கள்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பொருளியல், இரண்டாம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் கிரெடிட் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். வகுப்பில் பாதிப்பேர் ஏதோ ஓர் ஆன்லைன் நிறுவனத்துக்குப் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். எனக்கு அரசாங்க வேலை எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்க்க ஆசை. தேடினால் வருவதெல்லாம் டெல்லி, திருவனந்தபுரம், சென்னை. எல்லாம் ஆங்கிலத்தில். நாங்கள் கேரளத்தில் தமிழர், தமிழ்நாட்டுக்குப் போனால் மலையாளிகள். எங்களை யார் எடுத்துக்கொள்வார்கள்? "சம்பளம் இல்லாத வேலைக்கு பஸ் காசு நான் கொடுக்க வேண்டுமா" என்று அப்பா கேட்கிறார். எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு ஆறு மாதமாகப் பென்ஷன் வரவில்லை. பேங்கில் கேட்டால் பஞ்சாயத்து என்கிறார்கள், பஞ்சாயத்தில் கேட்டால் அக்ஷயா என்கிற அரசு இணையச் சேவை மையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் பொருளியல் படித்து என்ன செய்ய என்று தோன்றுகிறது.

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

*

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அப்பா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டது நியாயம். டெல்லியில் அறை எடுத்துத் தங்கி, இரண்டு மாதம் இலவசமாக வேலை பார்க்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும். பொதுச்சேவை இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி அவர்களுக்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. ஆகவே அப்பாவிடம் சொல்லுங்கள், பஸ் ஏறப் போவதில்லை, நடந்து போகிற தூரத்தில் உள்ள ஆபீசுக்குத்தான் போகப்போகிறேன் என்று. பணம் கட்டி வாங்குகிற சான்றிதழைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை. கூலிக்காரன் முதலாளிக்குக் கூலி கொடுக்கிற கதை அது.

பெரிய திட்டங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் என்றதும் பலரும் விண்ணப்பிக்க ஓடினார்கள். அது பெரிய கம்பெனிகளில் பயிற்சி. முழுநேரம் படிக்கிறவர்களைச் சேர்ப்பதில்லை என்று அதன் விதியிலேயே இருந்தது. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022இல் வந்தது. 30 பேர், இரண்டு வருடம், கௌரவமான ஊதியம், தமிழ் கட்டாயம். ஆனால் படிப்பை முடித்திருக்க வேண்டும், 22 வயது ஆகியிருக்க வேண்டும். குறித்து வைத்துக்கொண்டு சில வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள். கோழிக்கோட்டில் கலெக்டர் அலுவலகமே இளைஞர்களைச் சில மாதம் கூட வைத்துக்கொள்ளும் திட்டம் ஒன்று உண்டு. அங்கேயும் பட்டம் கேட்கிறார்கள். இன்றைக்கு உங்கள் கைக்கு எட்டுவது இரண்டுதான். ஒன்று கல்லூரியில் இருக்கும் என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம், இன்னொன்று உங்கள் பஞ்சாயத்து.

என்.எஸ்.எஸ். என்றதும் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது அது. வருடத்துக்கு 120 மணி நேரச் சேவை, ஏழு நாள் முகாம் என்ற கணக்கு என் காலத்திலும் உண்டு. எங்கள் வீடு மாநில எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில்; கல்லூரி மேற்கே, கேரளத்தில். முகாமில் பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், நூறு கன்று நட்டோம். வேலி கட்ட யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதத்துக்குள் ஆடுகள் கணக்கை நேர் செய்துவிட்டன.

நாலாம் நாள் சாயந்திரம் தொட்டியில் கை கழுவிக்கொண்டு நின்றேன். ஒரு பெரியவர் வேட்டி மடியிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். மடிப்பில் வெற்றிலைக் கறை. மலையாளத்தில் அச்சடித்த நோட்டீஸ், நிலத்தை மறுபடி அளக்கிற ரீசர்வே சம்பந்தப்பட்டது. எனக்கு மலையாள எழுத்து தெரியும், பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்டது. 'அவகாசமுள்ளவர்' என்று சத்தமாகப் படித்தேன். படிக்கத் தெரிந்த பெருமையில், "நேரம் இருப்பவர்கள் வந்தால் போதுமாம், நீங்கள் அலைய வேண்டாம்" என்றேன். பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தமிழில் அவகாசம் என்றால் நேரம். மலையாளத்தில் அதே சொல்லுக்கு உரிமை என்று அர்த்தம். நிலத்தில் உரிமை உள்ளவர்கள் குறிப்பிட்ட தேதியில் ஆவணங்களோடு வந்து நிற்க வேண்டும் என்பதுதான் அந்த நோட்டீஸ். அவர் போகவில்லை. வரப்பு ஓரமாக நாலு சென்ட் பக்கத்துக்காரர் பெயரில் ஏறிவிட்டது. எனக்கு இது தெரிய ஒரு வருடம் ஆனது. யாரோ ஒரு காலேஜ் பையன் தப்பாகப் படித்துச் சொன்னதாக டீக்கடையில் அவர் மகன் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

முகாம் அறிக்கையில் நூறு கன்றுகள் நடப்பட்டன என்று இருந்தது. நோட்டீஸ் படித்தது 120 மணி நேரத்தில் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

இதனால்தான் "எங்களை யார் எடுத்துக்கொள்வார்கள்" என்று நீங்கள் எழுதியதை ஏற்கமாட்டேன். அம்மிணி, உங்கள் பக்கத்தில் ஆபீசுக்கு வருகிறவர்களில் பலர் பேசுவது தமிழ், கொடுக்கிற காகிதம் மலையாளம், இணையதளம் பாதி ஆங்கிலம். மூன்றுக்கும் நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து வரும் எந்தப் பட்டதாரியாலும் அந்த இடத்தில் நிற்க முடியாது. நியமம் என்றால் அங்கே சட்டம், கரம் என்றால் வரி. தகவல் அறியும் உரிமைக்கு மலையாளத்தில் பெயரே விவராவகாசம். நம் ஊர்க்காரர் அதைக் கேட்டால் விவரம் சொல்ல அவகாசம் கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார். (பல ஆபீசுகளில் நடப்பதும் அதுதான்.)

பெயர் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழனியம்மாள் என்று ஒரு பெயர். பொள்ளாச்சியில் பிறந்து பள்ளிச் சான்றிதழ் வாங்கியபோது ஆங்கிலத்தில் எல் போட்டு எழுதியிருப்பார்கள். கல்யாணமாகி எல்லை தாண்டி வந்தால், ரேஷன் கார்டில் ழகரத்துக்கு இசட், ஹெச் இரண்டும் வந்து உட்காரும், கடைசி ளகரம் காணாமல் போகும். ஆதாரில் மூன்றாவதாக ஒன்று. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பெண்கள். மூவரும் ஒருவரே என்று சான்றிதழ் தர வில்லேஜ் ஆபீசில் வழி இருக்கிறது. இதற்கென்று தனிச் சான்றிதழ் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு இப்படிப் பெயர் உடைந்திருக்கிறது என்று வீடு வீடாகப் போய் எழுதுங்கள். ஒரு மாத இன்டர்ன்ஷிப்புக்கு இது போதும், மிச்சமும் இருக்கும். ஆனால் யாருடைய ஆதாரையும் உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். பார்த்து எழுதிக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று கிராமசபை. தமிழ்நாட்டில் இருக்கும் உங்கள் உறவினர்களுக்கு அது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 போன்ற நாட்களில் நடக்கும், பஞ்சாயத்துக்கே ஒன்று. கேரளத்தில் வார்டுக்கு ஒன்று. மெம்பர்தான் கூட்ட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒருவராவது வந்திருக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை கூட்டத் தவறினால் மெம்பர் பதவியே போகும் என்று சட்டத்தில் இருக்கிறது. 1996 ஆகஸ்டில் கேரள அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளின் கையில் கொடுக்கிறேன் என்றது. அப்படிப்பட்ட ஊரில் பொருளியல் படிக்கிறீர்கள். கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். யார் பேசுகிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள், மினிட்ஸில் எது ஏறுகிறது என்று பாருங்கள். தமிழில் ஒருவர் சொன்ன குறை மலையாள மினிட்ஸில் எத்தனை சொல்லாகச் சுருங்குகிறது என்று நான் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். கால் மணி நேரப் பேச்சு, மூன்று சொல்.

பஞ்சாயத்து ஆபீசில் தெருவிளக்குத் தவிர என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தால், உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெருமாட்டிப் பஞ்சாயத்து இருக்கிறது. அங்கே பிளாச்சிமடை கிராமத்தில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதும், 2002 ஏப்ரலில் கொக்கோ கோலா ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியதும், இரவாளர் பழங்குடிப் பெண்ணான மயிலம்மா முன்னால் நின்றதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போராட்டப் பந்தலின் படம் பத்திரிகைகளில் வந்தது. எனக்குப் பந்தலைவிட வியப்பு, 2003இல் அந்த ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துப் பஞ்சாயத்து எடுத்த முடிவு. உலகம் முழுக்கக் கிளை வைத்த கம்பெனியின் வாசல் சாவி ஒரு கிராமப் பஞ்சாயத்து ஆபீசின் கோப்புக்குள் இருந்திருக்கிறது. விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போய், அங்கேயும் ஒரு தீர்ப்புக்கு மேல் இன்னொரு தீர்ப்பு வந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கோப்பு எப்படி நகர்கிறது என்று பார்க்க டெல்லி போக வேண்டியதில்லை என்று நான் சொல்வது உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக இல்லை.

எப்படிக் கேட்பது? கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பஞ்சாயத்துச் செயலாளரைப் பாருங்கள். "ஏதாவது வேலை கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஜெராக்ஸ் எடுக்க விடுவார்கள். "முன் மேசையில் தமிழ் பேசி வருகிறவர்களுக்கு அபேக்ஷ, அதாவது விண்ணப்பம், நிரப்பிக் கொடுக்கிறேன், வாரம் மூன்று நாள், இரண்டு மாதம்" என்று எழுதிக் கொடுங்கள். கிரெடிட்டுக்குத் தேவையான கையெழுத்தை அவரே போடலாமா என்று கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். செயலாளர் மறுத்தால் வில்லேஜ் ஆபீஸ், விவசாய அலுவலகமான கிருஷி பவன், குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் குழுக்களின் வார்டு அக்காமார் என்று வேறு கதவுகள் இருக்கின்றன. அந்த அக்காமாருக்குத் தெரிந்த ஊர்ப் பொருளாதாரம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது.

மனு எழுதும்போது ஒரு வித்தியாசம் நினைவிருக்கட்டும். குறையைச் சொல்லி அரசுக்குக் கொடுக்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு. தமிழில் தாராளமாக எழுதலாம். தகவல் கேட்பது என்றால் சட்டம் வேறு, 2005ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது அந்த அதிகாரியின் கடமை. அவர் உதவுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கடைசியாக, உங்கள் தெருப் பாட்டி. பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதை அக்ஷயா மையத்தில் கைரேகை வைத்து உறுதிப்படுத்த வேண்டும், மஸ்டரிங் என்கிறார்கள். அது விட்டுப்போயிருக்கலாம். பேங்க், பஞ்சாயத்து, அக்ஷயா என்று சுற்றவிட்டதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது. கடைசியாக எப்போது ரேகை வைத்தார், ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். காலமெல்லாம் களை பறித்த விரலாக இருந்தால் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்காது. அப்படியானால் பஞ்சாயத்தில் உயிர்ச்சான்று கொடுக்கலாம். நடக்க முடியாதவர் என்றால் அக்ஷயாக்காரர்களே வீட்டுக்கு வருவார்கள், சொல்லி வைக்க வேண்டும். பாட்டி பெட்டியில் ஏதாவது நோட்டீஸ் வைத்திருப்பார். அதை வாங்கி, பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு தடவை படியுங்கள்.