எது பெருசு, நாட்டுச் சட்டமா சர்வதேச சட்டமா?

கேள்வி: நான் சட்டக் கல்லூரி முதல் வருஷம். ஒரு நாட்டுல அரசியலமைப்புச் சட்டம்தான் உச்சம்னு ஒரு வகுப்புல சொல்றாங்க. அடுத்த வகுப்புல சர்வதேச சட்டம் எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தும்னு சொல்றாங்க. ரெண்டுல எது பெருசு? போலீஸும் ஜெயிலும் இல்லாத ஒண்ணை சட்டம்னு சொல்றதே ஏமாத்து வேலைதானே? சாதாரண மனுஷனுக்கு அதால என்ன பிரயோஜனம்?

பதில்: எது பெருசுங்கறது நீங்க எங்க நின்னு கேக்குறீங்கங்கறதைப் பொறுத்தது. ஒரு நாட்டுக்குள்ள இருக்கற கோர்ட்ல நின்னு கேட்டா, அந்த நாட்டு அரசியலமைப்பு என்ன சொல்லுதோ அதுதான் உச்சம், நீதிபதி அதுக்குத்தான் கட்டுப்பட்டவர். அதே நாடு வெளிய போய் இன்னொரு நாட்டுக்கு முன்னாடி நிக்கும்போது, "எங்க உள்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கல, அதனால ஒப்பந்தத்தை நிறைவேத்த முடியல"ன்னு சாக்கு சொல்ல முடியாது. ஒப்பந்தங்கள் பத்தின 1969 வியன்னா உடன்படிக்கையோட 27வது பிரிவு இதைத்தான் சொல்லுது. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை. உங்க ரெண்டு வகுப்புலயும் சரியாத்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க, ஆனா நடுவுல இருக்கற கதவைப் பத்தி யாரும் சொல்லல போல. வெளிய போட்ட ஒப்பந்தம் உள்ள வந்து ஒரு மனுஷனுக்கு உரிமையா மாறணும்னா அந்தக் கதவு திறக்கணும், திறக்கறதும் பூட்டறதும் அந்தந்த நாட்டு அரசியலமைப்பும் பார்லிமென்ட்டும்தான்.

நெதர்லாந்துல கதவு நல்லா திறந்தே இருக்கு. அந்த நாட்டு அரசியலமைப்போட 94வது பிரிவுப்படி, எல்லாரையும் கட்டுப்படுத்தற மாதிரி எழுதின ஒப்பந்த விதியோட உள்நாட்டுச் சட்டம் மோதினா, கோர்ட் உள்நாட்டுச் சட்டத்தை ஓரமா வச்சிடும். இன்னும் ஆச்சரியம் என்னன்னா, பார்லிமென்ட் போட்ட சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமா இல்லையான்னு பாக்கற அதிகாரம் அந்த நீதிபதிகளுக்கு கிடையாது, 120வது பிரிவு தடுக்குது, ஆனா ஒப்பந்தத்துக்கு விரோதமான்னு தாராளமா பாக்கலாம். பிரிட்டன்ல நேர் எதிர். அங்க அரசாங்கம் எந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாலும் பார்லிமென்ட் சட்டம் போடற வரைக்கும் உள்நாட்டு கோர்ட்ல அது தனியா ஒரு உரிமையைத் தராது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை பிரிட்டன் 1951லயே ஏத்துக்கிச்சு, ஆனா அந்த உரிமைகளை பிரிட்டிஷ் கோர்ட்லயே நேரடியா கேக்க வழி செஞ்ச மனித உரிமைச் சட்டம் வந்தது 1998ல, முழுசா நடைமுறைக்கு வந்தது 2000ல. கிட்டத்தட்ட 50 வருஷம்! நடுவுல 1966ல தனி ஆளுங்க புகார் கொடுக்கலாம்னு அனுமதிச்சாங்க, அதுக்கும் உள்நாட்டுல எல்லா கோர்ட்டும் ஏறி இறங்கி முடிச்சிட்டு பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போகணும். இது சர்வதேச சட்டத்தோட பலவீனமா இல்ல உள்நாட்டுல சட்டம் போடாம இழுத்தடிச்சவங்க தப்பா, நீங்களே சொல்லுங்க.

கதவு பூட்டியிருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு கேஸை முழுசா சொல்றேன், ஏன்னா இதுல உங்க மூணு கேள்விக்குமே பதில் இருக்கு. 1963ல போட்ட துணைத் தூதரக உறவுகள் பத்தின வியன்னா உடன்படிக்கையோட 36வது பிரிவுப்படி, வெளிநாட்டுக்காரர் ஒருத்தரை கைது பண்ணா, "உங்க நாட்டு தூதரகத்துக்கு தகவல் சொல்லச் சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு"ன்னு தாமதம் இல்லாம அவர்கிட்ட சொல்லியாகணும். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா பாஷை தெரியாத ஊர்ல மாட்டிக்கிட்டவனுக்கு நல்ல வக்கீல் கிடைக்கறதும் கிடைக்காததும் இதுல இருக்கு. அமெரிக்காவுல மரண தண்டனை விதிக்கப்பட்ட மெக்சிகோக்காரங்களுக்கு இதை சொல்லவே இல்லன்னு மெக்சிகோ ஹேக்ல இருக்கற சர்வதேச நீதிமன்றத்துக்குப் போச்சு. 2004 மார்ச்ல, 51 பேர் விஷயத்துல அமெரிக்கா விதியை மீறியிருக்கு, அந்தத் தண்டனைகளை திரும்ப பரிசீலனை பண்ணணும்னு தீர்ப்பு வந்துச்சு. இதை அவேனா வழக்குன்னு சொல்வாங்க. அடுத்த வருஷம் ஜனாதிபதி புஷ்ஷே மாநில கோர்ட்டுங்க இதை நிறைவேத்தணும்னு உத்தரவு போட்டார். டெக்சஸ் முடியாதுன்னுடுச்சு.

கேஸ் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. ஒப்பந்தங்களும் நாட்டோட உச்ச சட்டம்னு அமெரிக்க அரசியலமைப்போட 6வது பிரிவுலயே இருக்கு, அதனால ஜெயிச்சிடும்னுதான் யாருக்கும் தோணும். 2008 மார்ச்ல 6க்கு 3னு வந்த தீர்ப்பு என்ன சொல்லுச்சுன்னா, ஹேக் தீர்ப்பு அமெரிக்காவை சர்வதேச அளவுல கட்டுப்படுத்துதுங்கறது உண்மைதான், ஆனா காங்கிரஸ், அதாவது அமெரிக்க பார்லிமென்ட், தனியா சட்டம் போடாம அது தானா உள்நாட்டுச் சட்டம் ஆகாது, ஜனாதிபதி ஒருத்தர் உத்தரவால அதை அப்படி ஆக்கவும் முடியாது. காங்கிரஸ் அந்தச் சட்டத்தைப் போடவே இல்ல. ஜூலைல தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லி ஹேக்ல இருந்து இன்னொரு உத்தரவு வந்துச்சு, அதையும் மீறி ஆகஸ்ட்ல அந்த 51 பேர்ல ஒருத்தருக்கு டெக்சஸ்ல தண்டனையை நிறைவேத்திட்டாங்க. அவர் செஞ்சது கொடூரமான குற்றம், அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா ஒரு அரசாங்கம் தான் கொடுத்த வாக்கை தன்னால காப்பாத்த முடியும்னு தெரிஞ்சும் காப்பாத்தாம விட்டதை என்னால ஏத்துக்கவே முடியல. அதே 36வது பிரிவுதான் வெளிநாட்டுல மாட்டற அமெரிக்கனையும் காப்பாத்தணும்.

சரி, போலீஸ் விஷயத்துக்கு வரேன். போலீஸ் இல்லன்னா சட்டமே இல்லன்னு சொல்றீங்க. அப்ப ஒரு நாட்டோட அரசியலமைப்புச் சட்டத்தை எந்த போலீஸ் காப்பாத்துது? போலீஸும் ராணுவமும் அரசாங்கத்தோட கையிலதான் இருக்கு, கோர்ட் கையில இருக்கறது பேனாவும் பேப்பரும்தான். 1974 ஜூலைல, வாட்டர்கேட் ஊழல் வழக்குக்காக வெள்ளை மாளிகையில பதிவான பேச்சு டேப்பை ஒப்படைன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்போதைய ஜனாதிபதி நிக்சனுக்கு சொன்னப்போ அவர் வீட்டு வாசல்ல எந்த போலீஸும் போய் நிக்கல, அவர் ஒப்படைச்சார், ரெண்டு வாரம் கழிச்சு பதவியையும் விட்டார். ஆட்சியில இருக்கறவங்களை கட்டுப்படுத்தற எந்தச் சட்டமும், உள்ளயும் சரி வெளியயும் சரி, மீறினா வர்ற விலையை நம்பித்தான் நிக்குது, அதனால இது வெளியுலகத்துக்கு மட்டும் இருக்கற குறை கிடையாது. உண்மையான வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. உள்ளூர் கோர்ட்ல உங்க மேல கேஸ் போட்டா "நான் வரமாட்டேன்"னு சொல்ல முடியாது, ஹேக்ல ஒரு நாடு சம்மதிக்காம அது மேல கேஸ் நடத்த முடியாது. ஐ.நா. பொதுச்சபையும் பார்லிமென்ட் கிடையாது, அதோட தீர்மானங்கள் பொதுவா நாடுகளைக் கட்டுப்படுத்தாது.

மீறுறவங்க இருக்காங்க, மறுக்கல. தன் நாட்டுக் கிளர்ச்சியாளர்களுக்கு உதவுதுன்னு நிகரகுவா ஹேக்ல போட்ட வழக்குல 1986ல தோத்த அமெரிக்கா தீர்ப்பை ஏத்துக்கல, ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு விஷயம் போனப்போ தன்னோட வீட்டோவாலயே அடைச்சிடுச்சு. இதை எல்லாரும் சொல்வாங்க. நைஜீரியா, கேமரூன் எல்லையில இருக்கற பக்காசி தீபகற்பத்தை யாரும் சொல்றதில்ல. மீனும் எண்ணெயும் இருக்கற அந்த இடம் கேமரூனுக்குத்தான்னு 2002ல ஹேக் சொல்லுச்சு. நைஜீரியா கேமரூனை விட எவ்வளவோ பெரிய நாடு, படையும் அங்கயே நின்னுட்டிருந்துச்சு, உள்நாட்டுல பயங்கர எதிர்ப்பு வேற. பேச்சுவார்த்தை இழுத்துச்சு, 2006ல ஒப்பந்தம் போட்டு படையை திரும்ப எடுத்தாங்க, 2008ல முழுசா ஒப்படைச்சாங்க. போலீஸ் எதுவும் போகல. மீறினா செய்தி, மதிச்சா செய்தி இல்லங்கறதால உங்க கண்ணுக்கு மீறல் மட்டும் தெரியுது. எல்லாம் வெறும் பேப்பர்னு நீங்க சொல்லும்போது யாருக்கு லாபம் தெரியுமா, கையெழுத்து போட்டு போட்டோ எடுத்துக்கிட்டு ஊருக்கு வந்து சட்டம் போடாம இருக்கற அரசாங்கங்களுக்குத்தான். அவங்களைக் கேள்வி கேக்க வேண்டிய நேரத்துல நீங்களே அவங்களுக்கு விடுதலை கொடுத்துடறீங்க, எனக்கு கோவம் வர்றது இதுலதான்.

அதனால ஒரு நாடு ஒப்பந்தம் போட்டுச்சுன்னு கேள்விப்பட்டா, கையெழுத்து மட்டுமா இல்ல நாட்டை உண்மையில கட்டுப்படுத்தற ஒப்புதலும் கொடுத்தாச்சான்னு முதல்ல பாருங்க. குழந்தை உரிமை உடன்படிக்கையில அமெரிக்கா 1995ல கையெழுத்து போட்டுச்சு, இன்னும் ஒப்புதல் கொடுக்கல. ஒப்புதல் கொடுத்திருந்தா எந்தெந்த பிரிவு எங்களுக்கு பொருந்தாதுன்னு எழுதிக் கொடுத்து விலக்கு வாங்கியிருக்காங்களான்னு பாருங்க, அப்புறம் உள்நாட்டுச் சட்டம் வந்திருக்கான்னு பாருங்க.

சாதாரண மனுஷனுக்கு பிரயோஜனம் இருக்கு, ஆனா வரிசை முக்கியம். ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு தனி ஆள் புகார் அனுப்பலாம், அவரோட நாடு அதுக்கான விருப்ப நெறிமுறையை, அதாவது விரும்பின நாடு மட்டும் சேர்ற கூடுதல் ஒப்பந்தத்தை, ஏத்துக்கிட்டிருந்தா. அந்தக் குழு சொல்றது கோர்ட் தீர்ப்பு மாதிரி கிடையாது, ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு சம்பந்தப்பட்ட நாட்டைக் கட்டுப்படுத்தும். ரெண்டு இடத்துலயும் உள்நாட்டு வழிகளை முடிச்சிட்டு வந்தியான்னுதான் முதல்ல கேப்பாங்க, சும்மா முடிச்சா போதாது, அந்த உரிமை மீறல் புகாரோட சாரத்தை உள்நாட்டு கோர்ட்லயே சொல்லியிருக்கணும். நீங்க நாளைக்கு வக்கீலா நிக்கும்போது கீழ் கோர்ட்ல போடற முதல் மனுவுலயே அந்தப் பாயின்ட்டை எழுதிடுங்க, நீதிபதி அன்னிக்கு கண்டுக்கலன்னாலும் பரவாயில்ல.