ஸ்கானில் ஒன்றுமில்லை என்றால் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு ஏழு வயது. பத்து மாதத்தில் வலிப்புத் தொடங்கியது. ஒன்றரை வயதில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளையில் ஒன்றும் இல்லை என்று றிப்போட் வந்தது. இப்போது இரண்டு மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. கனடாவில் இருக்கும் என் தம்பி, படங்களை ஃபோனில் எடுத்து அனுப்பச் சொல்கிறான். டொக்டர்மாருக்குத் தெரியாததும் செயற்கை நுண்ணறிவுக்குத் தெரியுமாம். அனுப்பட்டுமா?

பதில்: அனுப்ப வேண்டாம். ஆனால் தம்பி சொன்னதில் பாதி உண்மை.

கருவில் மூளை உருவாகும்போது அதன் மேற்பட்டையில் ஒரு சிறு இடம் மட்டும் ஒழுங்கின்றி அமைந்துவிடுவதுண்டு. பிள்ளைகளில் மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு இது ஒரு முக்கிய காரணம். படத்தில் அந்த இடம் கொஞ்சம் தடித்து, எல்லை மங்கித் தெரியும். மடிப்பின் அடியில் இருந்தால் பழகிய கண்ணுக்கும் தப்பும். இதைத் தேடத்தான் லண்டன் ஆய்வாளர்கள் ‘மெல்ட் கிராஃப்’ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளை உருவாக்கினார்கள். 23 மையங்களிலிருந்து, சிறுவரும் பெரியவருமாக 1,185 பேரின் படங்கள் அதற்குப் பயன்பட்டன. கதிரியல் நிபுணர்கள் தவறவிட்ட இத்தகைய குறைகளில் 64 சதவீதத்தை அது கண்டுபிடித்ததாக 2025இல் முடிவு வெளியானது.

பெரிய விஷயம்தான். ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கும் தப்பியிருக்கிறது. குறை இல்லாத இடத்தையும் சிலவேளை அது சுட்டும். அது சுட்டிய இடத்தை, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி.யோடும் வலிப்பு வரும் விதத்தோடும் ஒப்பிட்டு, நிபுணர்தான் முடிவு சொல்ல வேண்டும். அத்தோடு, ஆய்வுக்கென்று உருவான கருவி அது. தம்பி சொல்வது அநேகமாக ஃபோனில் உரையாடும் செயலியாக இருக்கும். பிலிமில் இருப்பது சுருக்கி அச்சிட்ட சில வெட்டுகள் மட்டுமே. அதை வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோவுக்கு வரும் பதில் எவ்வளவு நம்பிக்கையாக ஒலித்தாலும் நான் அதைப் பொருட்படுத்த மாட்டேன். ‘கட்டியாக இருக்கலாம்’ என்று ஒரு வரி வந்தால் அன்றிரவு வீட்டில் யார் நித்திரை கொள்வது?

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு: ஒன்றரை வயதில் எடுத்த ஸ்கான். அந்த வயதில் நரம்பு இழைகளைச் சுற்றிய கொழுப்புறை முழுதாக வளர்ந்திருக்காது. அதனால் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் படத்தில் சரியாகப் பிரிந்து தெரியாது. சிறு குறை இருந்தாலும் மறைந்துவிடும். அந்தப் படத்தில் மென்பொருளையும் நம்ப முடியாது. தகுந்த இரண்டு மருந்தை உரிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. எனவே உங்கள் கிளினிக்கில், சிறுவர் நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் தரும்படி கேளுங்கள். புதிய எம்.ஆர்.ஐ. தேவையா என்று அவரிடம் கேளுங்கள். எடுப்பதானால் வலிப்புக்கென்று உள்ள முறையில், ஒரு மில்லிமீற்றர் அளவு மெல்லிய வெட்டுகளோடு எடுக்கச் சொல்வார். பிலிமோடு நிற்காமல் சீடியும் கேட்டு வாங்குங்கள். மெல்ட் போன்றவை வேலை செய்வது அந்த மூலத் தரவில்தான். இன்னொரு நிபுணர் பார்ப்பதற்கும் அதுவே வேண்டும்.

ஃபோனை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள். வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, வேறு யாராவது வீடியோ எடுக்கட்டும். எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்பது தெரிந்தால் மூளையில் எந்தப் பக்கம் தேடுவது என்பதற்கும் ஒரு துப்புக் கிடைக்கும். மருந்தை மட்டும் நிறுத்தவே வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை; அது பெரிய காந்தத்தால் வேலை செய்வது. சத்தம் பெரிது, அசையாமல் கிடக்க வேணும். மயக்க மருந்து கொடுப்பதானால் எத்தனை மணியிலிருந்து சாப்பாடு, தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அறுணாக்கொடி, அச்சரக்கூடு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வன்னியில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளையோடு அறைக்குள் போகிறவரின் உடம்பில் போரில் பாய்ந்த செல் துண்டு (குண்டுச் சிதறல்) இருந்தால் காந்தம் அதை அசைக்கக்கூடும். கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் மிகவும் ஆபத்து. பழைய காயம் என்று பேசாமல் இருக்காமல் அங்குள்ளவர்களிடம் முதலே சொல்லுங்கள். தேவையென்றால் சித்தியோ மாமாவோ உள்ளே போகட்டும்.